நாற்றுத் தட்டுக்கு பீட்டா, தும்புத்தூளா?

பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்புகளில் ஸ்பாக்னம் பாசி மடிந்து சேர்ந்தது. நீர் தேங்கிய அடியில் ஒட்சிசன் இல்லை. பாசியே நீரைப் புளிப்பாக்கும். ஆகவே முழுதாக உக்காமல், மேற்பாரத்தில் அமுங்கி, ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீற்றர்தான் உயரும். ஒரு முழம் அள்ளினால், ஈடாக நானூறு ஆண்டுக்கு மேல் வேண்டும்! பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; 7க்குக் கீழே போகப் போகப் புளிப்பு கூடும்) 4 அளவில் இருப்பதால், புளிப்பைக் குறைக்கும் டொலமைற் சுண்ணாம்புத்தூள் கலக்காமல் மிளகாய் விதைக்கக் கூடாது. திருகோணமலை வெயிலில் ஒருமுறை நன்றாகக் காய்ந்தால், ஊற்றும் நீர் உள்ளே இறங்காமல் ஓரத்தால் வழியும்.

தேங்காய் மட்டையில் கிடைக்கும் தும்புத்தூள் காய்ந்தாலும் உடனே நனையும். பிஎச் 6க்கு அருகே. இதிலுள்ள குறை உப்புத்தான்: கழுவாவிட்டால் இலைநுனி கருகும். நல்ல நீரில் மூன்று தடவை ஊறவைத்து வடியுங்கள். கடலோர உவர்க்கிணற்று நீர் இதற்கு உதவாது. இங்கே எங்கள் தெரிவு தும்புத்தூள்.