ஆப்பிளுக்கு எந்த வேர்ச்செடி: எம்.9 அல்லது எம்.எம்.106?

ஆப்பிளை ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கிறார்கள்: அடியில் வேராக நிற்பது வேர்ச்செடி, அதன்மேல் கட்டும் காய்ப்பு ரகக் குச்சி ஒட்டுக்குச்சி. எம்.9, எம்.எம்.106 இரண்டும் வேர்ச்செடி வகைகள். ஒட்டுக்குச்சி ஒரே ரகம்தான். எம்.9 வேர்ச்செடியில் கட்டினால் மரம் 2 முதல் 3 மீட்டரில் நின்றுவிடும், எம்.எம்.106-இல் கட்டினால் சுமார் 4 மீட்டர் வளரும்.

எம்.9 இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கும். 3.5 × 1.2 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்குச் சுமார் 2,380 மரம் நடலாம். ஒரு மரத்தில் கிடைக்கும் காய் குறைவு, ஆனால் நிலத்துக்குக் கணக்குப் பார்த்தால் முந்திக்கொள்ளும். வேர் மட்டும் முறுகலானது, எளிதில் ஒடியும். ஆயுள் முழுக்க முட்டுக்கம்போ கம்பி வேலியோ வேண்டும். காய்ப் பாரத்தோடு காற்றடித்தால் ஒட்டின் கீழேயே முறியும். நட்ட முதலாண்டு பிஞ்சைக் கிள்ளிவிடுங்கள். மனமிரங்கி விட்டுவைத்தால் மரம் அதோடு குன்றிப்போகும்.

எம்.எம்.106 காய்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். 5 × 3.5 மீட்டரில் ஹெக்டேருக்குச் சுமார் 570 மரம்தான். இளமையில் மட்டும் முட்டு போதும், சுமாரான மண்ணையும் தாங்கும். எம்.9-ஐ வாட்டும் கம்பளி அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சி இதன் வேரை அண்டுவதில்லை. ஆனால் நீர் தேங்கும் களிமண்ணில் கழுத்தழுகல், அதாவது அடித்தண்டு அழுகும் நோய், வந்துவிடும். அடித்தண்டில் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள்: பச்சைக்குப் பதில் செம்பழுப்பாகக் கொழகொழத்திருந்தால் அதுதான். அப்படிப்பட்ட நிலத்துக்கு இதை யோசிக்கவே வேண்டாம்.

எதை நட்டாலும் ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேல் 10–15 செ.மீ. இருக்கட்டும். புதைந்தால் ஒட்டுக்குச்சியே வேர்விடும். காசு கொடுத்து வாங்கிய குட்டை மரம் நெட்டையாகிவிடும்.