மார்பில் மாட்டும் ஆர்எஃப் அலாரம்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

ஆன்டெனா கோபுரம் ஏறுபவர்களுக்கு, ரேடியோ அலை (ஆர்எஃப்) அளவு மிஞ்சினால் கத்தும் இந்தக் கருவியை வாங்கித் தரலாம். ஆனால் இது எச்சரிக்கத்தான், துல்லியமாக அளக்க அல்ல.

ரேடியோ அலையால் வரும் உறுதியான கேடு, உடல் திசு சூடாவது. கண் வில்லையில் ரத்தக் குழாயே இல்லை. அங்கே ஏறிய சூடு எளிதில் இறங்காது. இத்தகைய அலைகளுக்குப் பாதுகாப்பு வரம்பு வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐசிஎன்ஐஆர்பியின் 2020 வரம்பு, பணியாளரின் முழு உடல் உள்வாங்கும் அலை ஆற்றல் ஒரு கிலோ உடல் எடைக்கு 0.4 வாட், அதுவும் 30 நிமிடச் சராசரி. கருவியோ அந்தந்தக் கணத்து அலை அளவைப் பார்த்து, அனுமதி வரம்பின் 50, 100 சதவீதத்தில் கத்துகிறது. கத்தியதுமே உடம்பு கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. விலகி வந்து, டிரான்ஸ்மிட்டரின் பவரைக் குறைக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஏறலாம்.

சட்டைக்கு வெளியே, மார்பில்தான் மாட்ட வேண்டும். முதுகுப் பக்கம் வரும் அலையை உடம்பே மறைத்துவிடும், அளவு குறைந்து காட்டும். அதனால் அவ்வப்போது திரும்பிப் பார்ப்பது நல்லது. வாக்கி டாக்கியை அதே வாரில் செருகினால் பேசும்போதெல்லாம் பொய் அலாரம். நாலு முறை அப்படி ஆனால் ஆட்கள் கருவியையே அணைத்துவிடுவார்கள், அதுதான் ஆபத்து.

பெரிய குறை அலைவரிசை. சில மாடல்கள் 50 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்குகின்றன. பிளாஸ்டிக் ஒட்டும் ஆர்எஃப் மெஷின்கள் பெரும்பாலும் 27.12 மெகாஹெர்ட்ஸில் ஓடுபவை. அதன் பக்கத்தில் நின்றால் இந்த மாடல்களின் மௌனத்தை நம்பவே கூடாது. அங்கே மின்புலம், காந்தப்புலம் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும், கை வழியே பாயும் மின்னோட்டத்தையும் சேர்த்து.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இந்த அலாரம் அளவுகள் பொருந்தாது.