150 ரூபாய்க்கு ஃபிலடெல்ஃபியா: பாண்டியில் ஒரு சனிக்கிழமை உரை

மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிற சின்ன வாசிப்பகம் மாதம் ஒருமுறை கட்டண உரை நடத்துகிறது. ஆளுக்கு 150 ரூபாய், டீயும் சமோசாவும் அதில் அடக்கம். போன மாதத் தலைப்பு, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் கறுப்பின மக்கள் எழுப்பிய முதல் கிறிஸ்தவக் கோயில்கள். கடலூர் ஓல்டு டவுனிலிருந்து பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வரலாறு படித்தவள் இல்லை. ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அந்த ஒன்று எங்கே போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேசியவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். பிரசங்கம் கேட்க வேண்டியிருக்குமோ என்று நினைத்தேன். மனிதர் சந்தாப் பணத்தில் ஆரம்பித்தார். 1787 ஏப்ரலில் ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் தொடங்கிய சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம். கோயில் அப்போது கிடையாது. மாதம் ஒரு ஷில்லிங் கட்டவேண்டும் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). கஷ்டம் வந்த உறுப்பினருக்கு வாரம் 3 ஷில்லிங் 9 பென்ஸ், இறந்தால் விதவைக்கு உதவி. குடிகாரர்களைச் சேர்ப்பதில்லை. எங்கள் தெருவில் இந்த விதியோடு ஒரு சங்கம் வைத்தால் ஆள் தேறாது.

இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். ஜோன்ஸ் சேர்த்த காசில் முதலில் விலைகொடுத்து மீட்டது தன் மனைவியை. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்று சட்டம். ஜோன்ஸுக்கு விடுதலை 1784-ல்தான் கிடைத்தது.

அப்புறம் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் (ஒரு புராட்டஸ்டன்ட் சபை) கோயிலில் நடந்தது. கோயிலைப் பெரிதாக்கக் கறுப்பர்களும் பணம் கொடுத்து உழைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அவர்களுக்கு ஒதுக்கியது மாடி. முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த ஜோன்ஸை, இங்கே இருக்கக் கூடாது என்று நிர்வாகி ஒருவர் பிடித்துத் தூக்குகிறார். ஜெபம் முடியட்டும் என்கிறார் ஜோன்ஸ், விடவில்லை. ஜெபம் முடிந்ததும் கறுப்பர்கள் மொத்தப் பேரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். இது 1787-ல் நடந்ததாக ஆலன் பின்னாளில் எழுதினார். மாடி கட்டிய காலத்தை வைத்துப் பார்த்தால் 1792 என்பதே பொருந்தும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பேராசிரியர் மழுப்பாமல் இரண்டு ஆண்டையும் திரையில் போட்டார். அதற்காகவே அவரை நம்பலாம் என்று தோன்றியது.

அப்போது பின்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "சார், அவ்வளவு தூரம் ஏன் போவணும்? நம்ம சம்பா கோயில்லயே பறையர் கிறிஸ்தவங்களைப் பிரிச்சு உள்ளே சுவர் இருந்துச்சே!" உண்மைதான். சம்பா கோயில் என்பது இங்கே மிஷன் வீதியில் இருக்கிற கத்தோலிக்கப் பேராலயம். 1745-ல் அந்த மக்கள் தலைமைப் பாதிரியாரிடம் நேரே போய் நியாயம் கேட்டதும், சுவர் இடிபட்டதும் பிரெஞ்சுக்காரர் காலத்தில் பாண்டியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. (இப்போது இருப்பது 1791-ல் கட்டி முடித்த கோயில், அந்தச் சுவர் இருந்தது அதற்கு முந்தைய கட்டிடத்தில்.) பேராசிரியர் "ஆமாம், அதுவும் உண்டு" என்று அடுத்த படத்துக்குத் தாவிவிட்டார். சம்பா கோயில் மணி காதில் விழும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஃபிலடெல்ஃபியா மாடியைப் பற்றிப் பேசுகிறவர் அந்தப் பெரியவருக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்க வேண்டும். அரை மதிப்பெண் இங்கே போனது.

நான் கொடுத்த காசு வசூலானது 1793-ம் ஆண்டுக் கதையில். நகரத்தில் மஞ்சள் காய்ச்சல். பக்கத்திலிருந்த அம்மா "மஞ்சக்காமாலையா?" என்று கேட்டார். இல்லைம்மா, டெங்கு பரப்புகிற அதே ஏடிஸ் கொசு கொண்டுவருகிற வேறு வைரஸ் என்று காதோடு சொன்னேன். கொசுதான் காரணம் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. சுமார் 5,000 பேர், ஊரில் பத்தில் ஒருவர், இறந்துபோனார்கள். வசதியுள்ளவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். கறுப்பர்களுக்கு இந்த நோய் வராது என்று நம்பிய டாக்டர் பெஞ்சமின் ரஷ் அவர்களிடம் உதவி கேட்டார். ஆலனும் ஜோன்ஸும் ஆள் திரட்டினார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிணம் எடுத்தார்கள், ரஷ் சொல்லிக்கொடுத்தபடி 800 பேருக்கு மேல் நரம்பைக் கீறி இரத்தத்தை வெளியேற்றினார்கள். (அதனால் யாரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை, அந்தக் கால வைத்தியம் அப்படி.) வராது என்ற நோய் வந்தது. கறுப்பர்களில் 200 பேருக்கு மேல் செத்தார்கள். ஆலனும் படுத்து, பிழைத்து எழுந்தார்.

எல்லாம் ஓய்ந்தபின் மேத்யூ கேரி என்ற பதிப்பாளர், கறுப்பின நர்ஸுகளில் சிலர் கொள்ளைக் கூலி வாங்கினார்கள், திருடினார்கள் என்று எழுதினார். ஜோன்ஸும் ஆலனும் 1794-ல் ஒரு சிறு நூல் போட்டுப் பதில் சொன்னார்கள். அதிலிருந்த வரவுசெலவைப் பேராசிரியர் திரையில் காட்ட, நான் டிக்கெட்டின் பின்பக்கம் கூட்டிப் பார்த்தேன். பிணம் எடுக்கக் கூலிக்கு அமர்த்திய ஐந்து பேர். மூவர் 70 நாள், இருவர் 63 நாள், தலைக்கு நாளொன்றுக்கு 22 ஷில்லிங் 6 பென்ஸ். 378 பவுண்டு, சரியாக வருகிறது. சவப்பெட்டிக்கு 33. வந்த பணம் 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ். கைநஷ்டம் 177 பவுண்டு 9 ஷில்லிங் 8 பென்ஸ். தொற்று வார்டில் ராத்திரி ட்யூட்டி பார்த்த யாருக்கும் இந்தக் கணக்கைப் பார்த்தால் வயிறு எரியும். கோபத்தை இப்படிப் பைசா சுத்தமாக எழுதியவர்களை நான் பார்த்ததில்லை.

அதே 1794 ஜூலையில் இரண்டு கோயில்கள் திறந்தன. ஜோன்ஸ் எபிஸ்கோபல் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த) சபைப் பக்கம் போய் செயின்ட் தாமஸ். ஆலன் மெதடிஸ்டாகவே நின்று பெத்தேல். பெத்தேலின் முதல் கட்டிடம் ஒரு பழைய கொல்லன் பட்டறை. குதிரைகளைப் பூட்டி மனைக்கு இழுத்து வந்தார்களாம். சொத்து யார் கையில் என்று வெள்ளையர் சபையோடு பல வருஷ இழுபறி. கடைசியில் தன் கோயிலையே ஏலத்தில் 10,000 டாலருக்கு மேல் கொடுத்து எடுத்தார் ஆலன். 1816-ல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது, தனிச் சபையும் பிறந்தது. ஏலக் கதையைப் பேராசிரியர் அவசரமாக முடித்தது வருத்தம்.

மிச்ச அரை மதிப்பெண் ஜெரீனா லீ என்ற கறுப்பினப் பெண்ணுக்காகக் குறைத்தேன். பிரசங்கம் செய்ய அனுமதி கேட்டபோது ஆலன் மறுத்தார். 1819-ல் பெத்தேலில் பிரசங்கியார் தடுமாறி நின்றபோது லீ எழுந்து பேச, அப்போது பிஷப்பாக இருந்த ஆலன் ஒப்புக்கொண்டார். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒரே ஒரு படம், அதுவும் டீ வந்துவிட்டது என்று சொல்லும் நேரத்தில்.

போகிறவர்களுக்கு: ஐந்து மணி என்று போட்டால் ஐந்தரைக்குத்தான் தொடங்குகிறது. முதுகுவலிக்காரர்கள் சுவரோரத்து மர பெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி. திரை சின்னது, வரைபடங்கள் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. டீ நன்றாக இருந்தது, சமோசா ஆறிப்போயிருந்தது.