பூரான் இனங்காணலுக்கு ஒரு ஸ்டீரியோ நுண்ணோக்கி: இரண்டாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

அருங்காட்சியகப் புட்டிகளில் பாதுகாக்கப்பட்ட பூரான்களை இனங்காண்பதற்கென்றே, இரு கண்களாலும் முப்பரிமாணமாகப் பார்க்க உதவுவதும் 7 முதல் 45 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுவதுமான இந்த ஸ்டீரியோ நுண்ணோக்கியை 38,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

70 விழுக்காடு ஆல்கஹாலில் பல ஆண்டுகள் கிடந்த பூரானிடம் நிறத்தை எதிர்பார்க்க முடியாது. உயிருடன் இருக்கையில் கருமையும் செம்மஞ்சளும் மாறி மாறி வரும் பட்டைகளாலேயே அடையாளம் தெரிந்துவிடுகிற ஸ்கோலோபென்ட்ரா ஹார்ட்விக்கி என்ற பூரான் இனம்கூடப் புட்டிக்குள் வெளிறிப்போகிறது. எனவே நான் முதலில் தேடுவது உடலின் பக்கவாட்டில் இருக்கும் சுவாசத் துளையைத்தான்: அது முக்கோணப் பிளவாக இருந்தால் ஸ்கோலோபென்ட்ரா என்றும், வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருந்தால் அதே 21 இணைக் கால்கள் கொண்ட ரைசிடா போன்ற பேரினம் என்றும் வழி பிரிகிறது. இதற்கு 20 மடங்கே போதுமானதாக இருக்கிறது. தலைக்குக் கீழே நஞ்சைச் செலுத்தும் நச்சுக்கால்களுக்கு இடையிலுள்ள தகடுகளின் பற்களை எண்ணும்போது 40 மடங்குக்குச் செல்கிறேன். அங்கும் காட்சியின் ஓரங்கள் மங்கவில்லை என்பது இந்த விலைக்கு உண்மையிலேயே பாராட்டத்தக்கது.

குறை வெளிச்சத்தில் இருக்கிறது. உடன் வரும் வளைய விளக்கு நேர் மேலிருந்து அடிப்பதால் ஆல்கஹாலின் பரப்பு பளபளத்து, முதுகுத்தகடுகளில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய இரட்டைக் கோடுகள் கண்ணுக்கே தெரியாமல் போகின்றன. மாதிரியை வெண்மணல் படுகையில் கிடத்தி, முழுவதும் மூழ்கும்படி ஆல்கஹால் ஊற்றி, வளையும் கழுத்துள்ள விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தேன். வழவழப்பாகத் தெரிந்த தகட்டில் அந்தக் கோடுகள் நிழலுடன் எழுந்து வந்தன. 1758இல் உயிரின வகைப்பாட்டாளர் லின்னேயஸ் பெயரிட்டதும் தமிழ்நாட்டில் காணப்படுவதுமான ஸ்கோலோபென்ட்ரா மோர்சிடன்ஸின் கடைசிக் கால்களில், தொடைக்கு முந்திய கணுவின் அடிப்புறத்தில் வழக்கமாக மூன்று வரிசைகளில் அமையும் 9 முட்களையும் இந்தப் பக்க ஒளியில்தான் ஐயமின்றி எண்ண முடிந்தது. (ஒரே புட்டியில் பல பூரான்களை இட்டு வைத்தால், உதிர்ந்த கால் எதனுடையது என்று பிறகு யாராலும் சொல்ல இயலாது, அவ்வாறு செய்யாதிருக்குமாறு சேகரிப்பாளர்களை வேண்டுகிறேன்.)

பத்தாம் மாதத்தில் உருப்பெருக்கத் திருகு தளர்ந்தது. பழுது நீக்கித் தர விற்பனையாளர் மூன்று வாரங்கள் எடுத்துக்கொண்டார். வாங்க நினைப்போர் வளைய விளக்கைத் தவிர்த்து, அந்தத் தொகையைப் பக்க விளக்குக்குச் செலவிடலாம். மண்ணுக்குள் வாழும் நூல் போன்ற ஜியோபிலஸ் வகைப் பூரான்களே உங்கள் வேலை என்றால் இக்கருவி மட்டும் போதாது. அவற்றின் வாயுறுப்புகளைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிச் சில்லில் பொருத்தி, கூட்டு நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும்.