ஆர்டிசோக்: முழு மொட்டா, டின்னா, கேப்ஸ்யூலா?

உடம்புக்கு நல்லது என்று ஆர்டிசோக் (பூ விரியும் முன் மொட்டாகவே சமைத்துச் சாப்பிடும் ஒரு காய்கறி) வாங்கப் போனால் மூன்று விதமாகக் கிடைக்கிறது: முழு மொட்டு, டின்னிலோ புட்டியிலோ அடைத்த நடுப்பகுதி, இலைச்சாற்றில் செய்த கேப்ஸ்யூல். மூன்றையும் பார்த்துவிட்டு நான் முழு மொட்டுக்கே வந்துவிட்டேன். கொழுப்பு கிட்டத்தட்ட கிடையாது, ஃபோலேட் என்ற பி வைட்டமினும் மெக்னீசியமும் உண்டு, அதெல்லாம் சரி. எனக்கு முடிவைத் தீர்மானித்தது நார்ச்சத்துதான்.

வேகவைத்த நடுத்தர மொட்டு ஒன்றில் சுமார் 7 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, கலோரியோ 65-ஐத் தாண்டாது. ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான 25 முதல் 30 கிராமில் கிட்டத்தட்ட கால்வாசி ஒரே மொட்டில் வந்துவிடுகிறது. அதில் இனுலின் என்ற வகை முக்கியமானது. சிறுகுடலில் செரிக்காமல் அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது, மலச்சிக்கல் குறைவதும் இதனால்தான். அதே இனுலின்தான் வாயுவையும் உண்டாக்கும், அதனால் முதலில் பாதி மொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எரிச்சல் குடல் நோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆவியில் வேக வேண்டும். வெளி இதழை இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்தால் வெந்துவிட்டது. நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் ஃபோலேட்டும் பொட்டாசியமும் தண்ணீரோடு போய்விடும். ஒவ்வொரு இதழாகப் பிய்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சதையைப் பல்லால் சுரண்டி, கடைசியில் நடுவில் இருக்கும் பஞ்சு போன்ற நாரைக் கரண்டியால் வழித்துப் போட்டால்தான் அடிப்பகுதி கிடைக்கும். வேலைதான், ஆனால் மெதுவாகச் சாப்பிடுவதாலேயே வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது.

டின்னிலும் நார்ச்சத்து இருக்கத்தான் செய்கிறது, பிரச்சினை உப்பு. நன்றாகக் கழுவினால் கொஞ்சம் குறையும். எண்ணெயில் ஊறியதில் கலோரி ஏறிவிடும். உப்புச் சேர்க்காமல் உறையவைத்தது கிடைத்தால் அதுவே எனக்கு இரண்டாவது தேர்வு.

கேப்ஸ்யூல் நான் கொஞ்ச நாள்தான் எடுத்தேன், அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கெட்ட கொலஸ்டிரால் ஓரளவு குறைந்ததாக வந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது இலைச்சாறுதான், நாம் சாப்பிடும் மொட்டு அல்ல. அந்த ஒரு விஷயத்தில் கேப்ஸ்யூல் முந்துகிறது. ஆனால் நார்ச்சத்து என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. பித்தநீர்ச் சுரப்பையும் தூண்டும் என்பதால் பித்தப்பையில் கல் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். கொலஸ்டிராலுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்திவிட்டு இதற்கு மாறவே கூடாது.