கைப்பட்டை, மேட், எர்த் வயர்: லேப்டாப் பழுதுபார்ப்புக்கான நிலைமின் தடுப்புத் தொகுப்பு

லேப்டாப்பைத் திறந்து ராம், எஸ்.எஸ்.டி. போன்றவற்றைத் தாமே மாற்றிக்கொள்பவர்களுக்காக உடலில் சேரும் நிலைமின்சாரம் (ஸ்டாட்டிக்) பாகங்களைக் கெடுக்காமல் தடுக்க ‘ஆன்ட்டி ஸ்டாட்டிக் கிட்’ என்ற பெயரில் ஒரு தொகுப்பு கடைகளிலும் இணையத்திலும் பரவலாக விற்கப்படுகிறது. சென்னை ரிச்சி தெருவில் நான் வாங்கியதில் சுருள் வயருடன் கூடிய கைப்பட்டை, பச்சை நிற ரப்பர் மேட், எர்த் வயர், கருப்புத் தூரிகை, ஒரு ஜோடி கையுறை, சில உறைகள் ஆகியவை இருந்தன. எந்த நிறுவனத்தின் பெயரும் அச்சிடப்படாத தொகுப்பு இது. வாங்கத் தகுந்ததுதான் என்பது என் முடிவு. ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு அப்படியே பயன்படுத்தக்கூடிய நிலையில் அது வருவதில்லை.

‘கடற்கரை ஊரில், இவ்வளவு புழுக்கத்தில் ஸ்டாட்டிக் எங்கிருந்து வரும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. காற்றில் ஈரம் கூடினால் நிலைமின்சாரம் குறையும் என்பது உண்மைதான். காற்று நன்கு உலர்ந்திருக்கும்போது கம்பளத்தின் மீது நடப்பவரின் உடலில் 35,000 வோல்ட் வரை ஏறக்கூடும் என்றும், ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் அது 1,500 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும் என்றும் இத்துறையில் வழக்கமாகக் காட்டப்படும் அட்டவணை கூறுகிறது. ஆனால் ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான், சேர்ந்த மின்னூட்டம் சட்டென்று பாயும் மின்னிறக்கம் விரல் நுனியில் சுருக்கென்று தைக்கும். சில சிப்களுக்கோ 100 வோல்ட்டே அதிகம். அதாவது, நம் ஊர்ப் புழுக்கம் நமக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்கிறதே தவிர, போர்டைக் காப்பாற்றுவதில்லை. ஏ.சி. போட்ட அறையில் நிலைமை இன்னும் மோசம்.

இந்தப் பாதிப்பின் தன்மையையும் சொல்லியாக வேண்டும். சிப்பினுள் இருக்கும் டிரான்சிஸ்டர்களின் ஆக்சைடு படலம் சில நானோமீட்டர் தடிமனே உடையது என்பதால், ஒரு மின்னிறக்கம் அதை முழுதாகத் துளைக்காமல் பலவீனப்படுத்தி மட்டும் விட்டுவிடக்கூடும். அப்போது லேப்டாப் அன்றைக்கு ஒழுங்காக இயங்கி, பின்னர் எப்போதோ காரணம் புரியாமல் தகராறு செய்யும். ‘நான் வெறுங்கையால்தான் வேலை செய்கிறேன், இதுவரை ஒன்றும் ஆனதில்லை’ என்ற வாதத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

தொகுப்பில் மிகச் சிறந்த பொருள் கைப்பட்டை. அதன் உட்புறம் தோலைத் தொடும் இடத்தில் ஒரு சிறிய உலோகத் தகடு உள்ளது. பட்டையின் துணியிலும் மின்கடத்தும் இழைகள் ஓடுகின்றன. சுருள் வயரின் முனையில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் மின்தடை) பொதிந்திருக்க வேண்டும். மின்தடை, வோல்ட் போன்றவற்றை அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தகட்டிலும் மறுமுனையைக் க்ரோகோடைல் கிளிப்பிலும் வைத்தபோது ஏறத்தாழ 1 மெகா ஓம் காட்டியது, மனநிறைவாக இருந்தது. இந்த ரெசிஸ்டர் பெயரளவுக்கு வைத்தது அன்று. தவறுதலாக 230 வோல்ட் மீது நம் கை பட்டாலும், பட்டை வழியாக உடலில் பாயும் மின்னோட்டத்தை அது 0.23 மில்லி ஆம்பியருக்குள் நிறுத்திவிடும். மீட்டரில் ஓரிரண்டு ஓம் மட்டுமே காட்டினால் அந்தப் பட்டையை அணியவே கூடாது. எதுவும் காட்டாவிட்டால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது என்று பொருள். வயர் வளைந்து வளைந்து ஒடிவது பெரும்பாலும் பட்டையோடு சேரும் பித்தானுக்கு அருகில்தான் என்பதால், அந்த இடத்தை அசைத்துக்கொண்டே அளக்க வேண்டும். பட்டையைச் சட்டைக் கையின் மேல் கட்டுவதும், தொளதொளவென்று விடுவதும் கட்டாததற்குச் சமம்.

மேட் இரண்டு அடுக்குகளால் ஆனது: மேலே பச்சை நிறத்தில் மின்னூட்டத்தை மெல்லக் கசியவிடும் அடுக்கு, கீழே கருப்பு நிறத்தில் நன்கு கடத்தும் அடுக்கு. மேலடுக்கின் மின்தடை பொதுவாக 1 மெகா ஓமுக்கும் 1,000 மெகா ஓமுக்கும் இடையில் இருக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டரால் இதை முறையாக அளக்க முடியாது என்பதால், இவ்விஷயத்தில் விற்பவரின் சொல்லைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. புதிதாகப் பிரித்தபோது ரப்பர் நாற்றம் கடுமையாக இருந்தது. ஓரங்கள் சுருண்டு நின்றன. திருகுகள் உருண்டோடாமல் நிற்பதும், சூடான சால்டரிங் அயர்ன் நொடிப்பொழுது பட்டாலும் உருகாததும் நல்ல அம்சங்கள். சாதாரண வீட்டுச் சோப்பு நீரால் துடைத்தால் மேற்பரப்பில் படலம் படிந்து அதன் குணம் கெடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நாளடைவில் ரப்பரை உலர்த்திவிடும் என்பதால், மேட்டுக்கென்றே விற்கப்படும் திரவத்தைச் சிறிது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

தொகுப்பின் பெரிய குறை எர்த் வயரில் இருக்கிறது. அதன் மறுமுனையில் ஒரு வளையம் மட்டுமே உள்ளது. நம் ஊர் மூன்று பின் சாக்கெட்டில் அதை எங்கே பொருத்துவது என்பதற்கு ஒரு வரிக் குறிப்புகூட இல்லை. எதனோடும் இணைக்கப்படாத கைப்பட்டை வெறும் அலங்காரம் என்பதால் இது பொறுக்கக்கூடிய குறை அன்று. மேலே உள்ள தடித்த எர்த் பின் மட்டும் உலோகமாகவும் மற்ற இரண்டும் பிளாஸ்டிக்காகவும் அமைந்த பிளக் தனியாகக் கிடைக்கிறது. அதை வாங்கிச் சேர்த்த பிறகே தொகுப்பு முழுமையடைந்தது. சாக்கெட்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் கம்பி) எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரண்டு வோல்ட்டும் காட்டினால் பெரும்பாலும் சரி. பழைய வீடுகள் சிலவற்றில் எர்த் வயரே இழுக்காமல் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருப்பார்கள். அங்கும் மீட்டர் நல்லபடியாகவே காட்டும், ஆனால் அது உயிருக்கு ஆபத்தான இணைப்பு. எனவே சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்வதே பாதுகாப்பு.

எர்த் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? கைப்பட்டை, மேட், லேப்டாப்பின் உள் உலோகச் சட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் மூன்றும் ஒரே மின்னழுத்தத்தில் நிற்கும். இடையில் பொறி பாய வாய்ப்பு வெகுவாகக் குறையும். எர்த் கிடைக்கும் என்று சார்ஜரைச் செருகி வைக்கக் கூடாது. சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றி, பவர் பட்டனைச் சுமார் 20 வினாடி அழுத்திப் பிடித்து, அதன் பிறகே மற்ற பாகங்களில் கை வைக்க வேண்டும். மின்சாரம் பாயும் நிலையில் சார்ஜர் போன்றவற்றைத் திறந்து சோதிக்கும்போது கைப்பட்டையைக் கழற்றிவிட வேண்டும்.

தூரிகை நன்றாகவே இருக்கிறது. மின்விசிறியின் இறக்கைத் தூசியைச் சாதாரண நைலான் தூரிகையைவிட நம்பிக்கையோடு துடைக்க முடிகிறது. கையுறை என் விரலுக்குத் தடித்துப் போனதால் ரிப்பன் கேபிளின் தாழைத் திறக்கவே முடியவில்லை, அதை ஒதுக்கிவிட்டேன். உறைகளில் இளஞ்சிவப்பு நிறத்தவை தாமாக மின்னூட்டம் உண்டாக்குவதில்லை, அவ்வளவே. வெளியிலிருந்து வரும் மின்னிறக்கத்தைத் தடுக்கக்கூடியவை வெள்ளி நிற உறைகள்தாம். கழற்றிய ராமையும் எஸ்.எஸ்.டி.யையும் வெள்ளி உறைக்குள் வைத்து வாயை மடித்துவிட வேண்டும். அந்தப் பாதுகாப்பு உறையின் உள்ளேதான் உண்டு, அதன் மேல் பரப்பி வைத்தால் இல்லை.

இதே கடைகளில் வயரே இல்லாத கைப்பட்டைகளும் கிடைக்கின்றன. மின்னூட்டம் வெளியேற ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதையே இல்லாத பட்டை எதையும் செய்யாது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வாங்க வேண்டாம்.