பவளப்பாறையைச் சுற்றி: செயற்கைக்கோளா, சோனாரா, நேரில் இறங்குவதா?

பவளப்பாறைப் பகுதியில் இரண்டு வேலைகள் உண்டு. எங்கே பவளம், எங்கே கடற்புல், எங்கே வெறும் மணல் என்று கடலடிக்கு வரைபடம் போடுவது ஒன்று. மேலே நிற்கும் தண்ணீரின் தரத்தைக் கவனிப்பது இன்னொன்று. செயற்கைக்கோள் படம் இருந்தால் இரண்டும் முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. ஆனால் கடலடியில் பட்டுத் திரும்பிய ஒளியும் தண்ணீரிலேயே சிதறிய ஒளியும் கலந்துதான் அந்தப் படத்தில் பதிகின்றன. வரைபடம் போடுபவருக்குத் தண்ணீர் இடைஞ்சல், தண்ணீரை அளப்பவருக்குத் தரை இடைஞ்சல்.

வரைபடத்துக்கு ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 நல்ல தொடக்கம். படம் இலவசம், ஒரு புள்ளிக்கு 10 மீட்டர். அமெரிக்கச் செயற்கைக்கோளான லாண்ட்சாட் 30 மீட்டர்தான். ஆனால் 1980கள் வரை பின்னோக்கிப் போய் ஒப்பிடலாம். சிவப்பு ஒளியைத் தண்ணீர் சில மீட்டருக்குள்ளேயே விழுங்கிவிடும். கீழே போய்த் திரும்புவது நீலமும் பச்சையும்தான், அதுவும் நீர் தெளிவாக இருந்தால். சரி, படத்தில் ஒரு கருந்திட்டு தெரிகிறது. கடற்புல்லா, செத்த பவளத்தின் மேல் படர்ந்த பாசியா, கொஞ்சம் ஆழமான பள்ளமா? நிறத்தை மட்டும் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது.

அதற்கு யாராவது இறங்கிப் பார்க்க வேண்டும், அல்லது கயிற்றில் கேமராவை இறக்க வேண்டும். இதில் ஒரு சின்னத் தொல்லை: ஜிபிஎஸ் தண்ணீருக்குள் வேலை செய்யாது. கருவியை மிதவையில் வைத்து, நீந்துபவர் தலைக்கு மேலேயே இழுத்துக்கொண்டு போவார்கள். மிதவை சில மீட்டர் விலகினாலும் மணலில் எடுத்த குறிப்பு பவளப் புள்ளியில் போய் உட்கார்ந்துவிடும்.

ஒலியை அனுப்பி எதிரொலியை வைத்து அளக்கும் சோனாருக்குக் கலங்கல் பெரிய பொருட்டில்லை. படகிலிருந்து விசிறி போலப் பல ஒலிக்கற்றைகளை அனுப்பும் மல்டிபீம் சோனார் ஒரே ஓட்டத்தில் ஆழத்தைப் போல மூன்று, நான்கு மடங்கு அகலத்தை அளக்கும். 50 மீட்டர் ஆழத்தில் அது அருமை. 3 மீட்டரில் பத்து மீட்டர் பட்டைதான் கிடைக்கும், படகு தட்டுமோ என்ற பயம் வேறு. பவளம் உயிரோடு இருக்கிறதா என்பதையும் எதிரொலியை வைத்துச் சொல்வது கடினம். ஆழத்துக்கு மட்டும் சோனார் என்பதே என் கட்சி. விமானத்திலிருந்து பச்சை லேசர் ஒளியை அடித்து ஆழத்தை அளக்கும் லைடார் ஆழமற்ற இடத்தில் கச்சிதம், விமானச் செலவுக்கு ஆள் கிடைத்தால்.

அப்புறம் தண்ணீர். கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்த்துத் தெளிவை அளக்கும் செக்கி தட்டு 1865இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, செலவே இல்லை. ஆனால் தெளிந்த பவளத் திட்டில் தட்டு கண்ணுக்கு மறைவதற்குள் தரையைத் தட்டிவிடும். பக்கவாட்டில் நகர்த்தித்தான் பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் தரும் குளோரோபில் (தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியின் பச்சையம்) அளவை இங்கே நான் நம்பமாட்டேன். அடியில் இருக்கும் கடற்புல்லையே அது பச்சைத் தண்ணீராக எண்ணிவிடும். பாட்டிலில் எடுக்கும் மாதிரியில் நைட்ரேட், பாஸ்பேட் துல்லியமாகத் தெரியும், அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும். மழைவெள்ளம் வந்து கலந்த இரவில் பாட்டிலோடு யார் நிற்பார்கள்? அதற்குத்தான் கடலிலேயே விட்டுவைக்கும் கலங்கல் சென்சார். துடைப்பான் இல்லாத சென்சாரை மட்டும் வாங்காதீர்கள்: சில வாரங்களில் கண்ணாடியில் பாசி படியும், அதன் பிறகு அது அளப்பது தன் மேல் படிந்த அழுக்கை.